அம்மா ஒளிந்துகொண்ட மரம்

சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த பட்டாபிராமன், கோட்டைக்கூடக் கழற்றாமல், பையிலிருந்து நாலாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்து மனைவியிடம் நீட்டினான்.

நாகலக்ஷ்மி அரிசி களைந்துகொண்டிருந்தாள். ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். எட்டு மணி, டிராம். ஒன்பதரை, கிடர்பூர் துறை. பத்து, படகு. பத்தரை, சிப்பூர் தோட்டம். பன்னிரண்டு, ஆகாரம். நாலு, திரும்புதல்.

ஊரை விட்டு வங்காளத்துக்கு வந்த அவனுக்குக் கிடர்பூரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. எந்தக் கப்பல் எப்போது வந்தது, எப்போது போனது என்று நாள் முழுவதும் எழுதிக்கொண்டிருப்பவன். வீட்டு விஷயங்களையும் அப்படியேதான் எழுதுவான்.

"என்னன்னா இது?"

"நாளைக்கு நாம நாலு பேரும் போறோம். கங்கைக்கு அந்தண்டை பெரிய தோட்டம். டிக்கெட் கிடையாது, ஒண்ணும் கிடையாது. கட்டுச்சாதம் எடுத்துண்டா போறும்."

"படகிலயா? குழந்தையை வெச்சுண்டா?" காகிதத்தை மறுபடி மடித்தாள். "நீங்க காமுவை அழைச்சுண்டு போய்ட்டு வாங்கோ. நானும் சந்தானமும் ஆத்திலேயே இருக்கோம்."

அவள் அப்படித்தான் சொல்வாள் என்று அவனுக்குத் தெரியும். போன ஆவணியில், அவர்கள் குடியிருக்கும் பவானிபூர் தெருவெல்லாம் மழைத் தண்ணீர் நின்ற சமயம், கடைசிக் குழந்தை, எட்டு மாதச் சாவித்ரி, இரண்டே நாள் பேதியில் போய்விட்டது. தண்ணீர்தான் காரணம் என்று டாக்டர் சொன்னார். அன்றிலிருந்து வீட்டில் கொதிக்க வைக்காத ஜலம் ஒரு சொட்டு யார் வாயிலும் பட்டதில்லை. நாலு வயதுச் சந்தானம் மாடியை விட்டுக் கீழே இறங்கியதில்லை. வராந்தாக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, முற்றத்தில் வீட்டுக்காரர் பேரன்கள் விளையாடுவதைப் பார்ப்பதே அவனுக்கு விளையாட்டு. ஏழு வயதுக் காமு மட்டும் கீழே ஓடிவிடுவாள். தமிழைவிட வங்காளம் அவள் வாயில் சரளமாக வந்தது.

கதவுக்குப் பின்னாலிருந்து சந்தானத்தின் குரல் மெல்ல வந்தது. "அம்மா, நாலு பேர்னா நானும் உண்டா?"

நாகலக்ஷ்மி திரும்பிப் பார்த்தாள். ஒரு கண் மட்டும் கதவிடுக்கில் தெரிந்தது. சும்மாதான் கேட்டான். இல்லை என்று சொன்னால் அழக்கூட மாட்டான், வராந்தாவுக்குப் போய்விடுவான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"உண்டு" என்றாள். சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவளுக்கே உறைத்தது. அன்று ராத்திரிச் சமையல் முடிந்ததும் ஜலத்தை ஒரு தடவைக்கு இரண்டு தடவை கொதிக்க வைத்து ஆறவிட்டாள்.

பொங்கல் கழிந்த மறு ஞாயிறு அது. குளிர் இன்னும் விடவில்லை. டிராமின் பின் வண்டியில் இடம் கிடைத்தது. சந்தானம் ஜன்னலோரம் முழங்காலிட்டு உட்கார்ந்து வாயைத் திறந்தவன் மூடவேயில்லை. மைதானத்தை ஒட்டிய சாலையில், சக்கரவர்த்தி வந்து போனதற்காகக் கட்டிய அலங்கார வளைவுகளை ஆட்கள் பிரித்துக்கொண்டிருந்தார்கள். தலைநகரமே டில்லிக்குப் போகப்போகிறதாம், ஆபீஸ்களும் பின்னாலேயே போய்விடுமாம் என்று முன் பெஞ்சியில் இரண்டு பேர் சண்டை போடாத குறையாகப் பேசிக்கொண்டு வந்தார்கள். சந்தானத்துக்கு மைதானத்தில் மேய்ந்த ஆடுகள்தான் முக்கியம். "நிஜ ஆடு! அம்மா, நிஜ ஆடு!" என்றான். கம்பளித் துணி அவன் காதிலிருந்து நழுவும்போதெல்லாம் நாகலக்ஷ்மி இழுத்து விட்டாள்.

துறையில் பட்டாபிராமனுக்குத் தெரிந்த படகுக்காரன் காத்திருந்தான். படகு நகர்ந்ததும் அவள் சந்தானத்தை மடியில் இறுக்கிக்கொண்டாள். கொதித்து ஆறிய ஜலம் நிறைந்த வெள்ளிக் கூஜா பக்கத்தில் இருந்தது. அவள் கல்யாணத்துக்குப் பிறந்த வீட்டில் கொடுத்தது.

"'நோடோ நா'ன்னு படகுக்கார மாஜி சொல்றான்" என்றாள் காமு. "அசையாதேள்னு அர்த்தம்."

நடு ஆற்றில் ஒரு நீராவிப் படகு அருகே கடந்து போயிற்று. அது போன பிறகு அலை வந்தது. படகை ஒரு பக்கமாகத் தூக்கிப் போட்டது. நாகலக்ஷ்மி இரண்டு கையாலும் பிள்ளையைக் கட்டிக்கொண்டாள். கூஜா உருண்டது, விளிம்பில் ஒரு கணம் நின்றது, தண்ணீருக்குள் போய்விட்டது. வெள்ளையாக ஒரு மினுக்கல், அவ்வளவுதான்.

சந்தானம் கைகொட்டிச் சிரித்தான். நாகலக்ஷ்மிக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஐயோ, குழந்தைக்குக் குடிக்க ஜலம்!"

"போனாப் போறது, விடு" என்றான் பட்டாபிராமன்.

"உங்களுக்கு எல்லாமே போனாப் போறதுதான்."

படகில் காமு இருந்ததால் அவள் அதற்கு மேல் பேசவில்லை. அவன் எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டு வந்தான். கரையில் இறங்கும்போது பிள்ளையை வாங்கிக்கொள்ளக் கை நீட்டினான். அவள் கொடுக்கவில்லை. தானே இடுப்பில் தூக்கிக்கொண்டு இறங்கினாள்.

தோட்டத்துக்குள் போய்க் கால்மணிகூட ஆகவில்லை, சந்தானம் "தாகமா இருக்கு" என்று ஆரம்பித்தான். ஏரி இருந்தது, குழாய் இருந்தது. நாகலக்ஷ்மி எதற்கும் சம்மதிக்கவில்லை. திரும்பிவிடலாம் என்றாள். சந்தானம் சிணுங்கத் தொடங்கினான். மாதக்கணக்கில் தேக்கி வைத்திருந்த அழுகை முழுவதும் வெளியே வந்துவிடும் போலிருந்தது.

காமு வாசல் பக்கம் ஓடினாள். தலையில் கூடையோடு ஒரு இளநீர்க்காரனைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக அழைத்து வந்தாள்.

"அம்மா, இது மூடின காய்க்குள்ள இருக்கற ஜலம். இதுல யாரும் கை வெச்சிருக்க முடியாது, பாரேன்!"

நாகலக்ஷ்மி யோசித்தாள். அது அவளுக்குத் தோன்றவேயில்லை. "சரி. கத்தியை நன்னாத் துடைக்கச் சொல்லு."

காமு சொன்னாள். அவன் பெரிய மரியாதையோடு தலையாட்டிவிட்டு, தோளில் கிடந்த அழுக்குத் துண்டை எடுத்துக் கத்தியை இரண்டு பக்கமும் அழுத்தித் துடைத்தான். துடைக்காமலே இருந்திருந்தால் சுத்தமாக இருந்திருக்கும். நாகலக்ஷ்மி "வேண்டாம்" என்று வாயெடுப்பதற்குள் அவன் சீவிவிட்டான், சந்தானம் இரண்டு கையாலும் வாங்கிவிட்டான். மூக்கும் மோவாயும் நனைய, சட்டை நனைய, மூச்சு விடாமல் குடித்தான். குடித்துவிட்டு அந்த ஆளை நிமிர்ந்து பார்த்து, "ஆரேக்டா!" என்றான்.

"என்ன கேக்கறான்?" என்றாள் நாகலக்ஷ்மி.

"இன்னொண்ணு வேணுமாம்" என்றாள் காமு. "வராந்தாலேர்ந்து கேட்டுக் கேட்டே கத்துண்டிருக்கான்ம்மா!"

மடியிலேயே வைத்து வளர்க்கிற பிள்ளை தனக்குத் தெரியாத பாஷையில் பேசியது அவளுக்கு என்னவோ போலிருந்தது. இரண்டாவது காயையும் வாங்கிக் கொடுத்தாள்.

ஆலமரத்தைப் பற்றிப் பட்டாபிராமன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். ஆனால் அதன் முன்னால் வந்து நின்றபோது அவனே பேசுவதை நிறுத்திக்கொண்டான். மரம் என்றால் யார் நம்புவார்கள்? தோப்பு மாதிரி இருந்தது. மேலே கிளைகள் போய்க்கொண்டேயிருந்தன. கிளைக்குக் கிளை விழுது இறங்கி, மண்ணில் ஊன்றி, கோயில் மண்டபத் தூண்கள் போல நூற்றுக்கணக்கில் நின்றன.

"இதுல எது மரம்?" என்று கேட்டான் சந்தானம்.

"எல்லாம் சேர்ந்து ஒரே மரம்டா" என்றான் பட்டாபிராமன்.

நிழலில் ஜமக்காளம் விரித்துச் சாப்பிட்டார்கள். புளியோதரை, தயிர்சாதம், வறுத்த அப்பளம். வீட்டில் நாலு வாய்க்கு நாற்பது கதை கேட்கிற சந்தானம், கேட்டு வாங்கி இரண்டாம் தடவை சாப்பிட்டான். கை உலர்வதற்குள் காமு எழுந்து, "கண்ணாமூச்சி ஆடலாம் வாடா" என்று அவன் கையைப் பிடித்தாள்.

"தூரப் போகப்படாது. என் கண் முன்னாலேயே ஆடுங்கோ" என்றாள் நாகலக்ஷ்மி.

கண் முன்னாலேயே எப்படிக் கண்ணாமூச்சி ஆடுவது? காமு அம்மாவை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுச் சரி என்றாள். இரண்டு பேரும் முதல் வரிசை விழுதுகளுக்குப் பின்னால் மறைந்தும் மறையாமலும் ஆடினார்கள். சந்தானம் மறைகிற ஒவ்வொரு தடவையும் அவள் கழுத்தை நீட்டிப் பார்த்தாள்.

பட்டாபிராமன் இலைகளைச் சுருட்டி ஓரமாக வைத்தான்.

"படகில சொன்னியே" என்றான் பிறகு.

"ஏதோ வாயில வந்துடுத்து."

"இல்லை, நீ நெனைச்சதைத்தானே சொன்னே."

அவள் புடவைத் தலைப்பின் நூலைப் பிரித்தாள். ஐந்து மாதமாகத் தொண்டையில் நின்றதைக் கேட்டுவிட்டாள். "நீங்க ஏன் அழவே இல்லை? தூக்கிண்டு போனேள், வந்தேள், குளிச்சேள். மறுநாள் ஆபீஸுக்குப் போனேள்."

"டிராம்ல அழுவேன்" என்றான் அவன். "போறச்சே மைதானம் வரைக்கும். வரச்சேயும் அப்படித்தான். நம்ம தெரு முனையில ஒரு குழாய் இருக்கு பாரு, அதுல முகத்தை அலம்பிண்டு மேலே வருவேன். நீ இருந்த இருப்புல நானும் உட்கார்ந்துண்டா குழந்தைகள் ரெண்டும் என்ன பண்ணும்?"

நாகலக்ஷ்மி அவனைப் பார்த்தாள். சாயங்காலங்களில் அவன் முகத்திலும் நெற்றி மயிரிலும் ஈரம் இருந்ததுண்டு. வெயிலில் வந்த வேர்வை என்று நினைத்திருந்தாள். மார்கழியில் என்ன வெயில் என்று அப்போது கேட்டுக்கொள்ளவில்லை.

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமே?"

"நீயும் எங்கிட்டக் கேட்டிருக்கலாம்."

அவள் கையை நீட்டி, அவன் கோட்டில் ஒட்டியிருந்த ஒரு காய்ந்த இலையை எடுத்துப் போட்டாள். போட்ட பிறகும் கையை எடுக்கவில்லை.

அதற்குள் காமுவின் குரல் கேட்டது. "அம்மா! சந்தானத்தைக் காணும்!"

நாகலக்ஷ்மிக்கு எழுந்ததே தெரியாது. ஒன்பது கஜப் புடவை காலில் சிக்க, விழுதுகளுக்கு நடுவே ஓடினாள். எந்தப் பக்கம் பார்த்தாலும் தூண், தூணுக்குப் பின்னால் தூண். "சந்தானம்! சந்தானம்!" என்று கத்தினாள். அப்பால் ஏரியின் தண்ணீர் வெயிலில் பளபளத்தது. அதைப் பார்த்ததும் அவள் கால் நின்றுவிட்டது.

அவளுக்கு நாலடி தூரத்தில், ஒரு பெரிய விழுதுக்குப் பின்னாலிருந்து, அடக்க முடியாமல் களுக்கென்று ஒரு சிரிப்பு வந்தது.

பாய்ந்து போய் அவன் தோளைப் பிடித்தாள். அடிக்கவே கை ஓங்கிவிட்டாள். அவன் முகம் சிவந்து, தலையெல்லாம் தூசி, கண்ணில் அப்படியொரு பெருமை. "என்னை யாராலும் கண்டுபிடிக்க முடியலை இல்லையாம்மா? அக்காவால கூட முடியலை!" என்றான்.

ஓங்கிய கை அவன் தலையில் இறங்கித் தூசியைத் தட்டிற்று. உட்கார்ந்து அவனை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். அவன் நெளிந்தான். "விடும்மா. இன்னொரு தடவை ஒளிஞ்சுக்கறேன். போகட்டுமா?"

அவன் நெஞ்சு படபடவென்று அடிப்பது அவள் கைக்குத் தெரிந்தது. நோயாளியின் நெஞ்சல்ல, ஓடி விளையாடிய பிள்ளையின் நெஞ்சு. சற்று நேரம் அதைத் தொட்டுக்கொண்டே இருந்தாள்.

"ஏரிப் பக்கம் மட்டும் போகப்படாது" என்றாள்.

"போகமாட்டேன்."

"போ."

அவன் ஓடினான். அவள் கண்ணை மூடிக்கொண்டு பத்து வரை எண்ணினாள். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் திறந்துவிடலாமா என்று இருந்தது. திறக்கவில்லை.

மூன்றாவது ஆட்டத்தில், "இப்போ அம்மா ஒளிஞ்சுக்கணும்" என்று காமு தீர்ப்புச் சொன்னாள். பட்டாபிராமன் ஜமக்காளத்தில் உட்கார்ந்தபடி பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்தேழு வயது நாகலக்ஷ்மி, இடுப்பில் தலைப்பைச் செருகிக்கொண்டு, தூரத்தில் நின்ற இரண்டு வங்காளிக் கனவான்கள் பார்க்கிறார்களே என்றுகூட நினைக்காமல், ஒரு விழுதுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். குழந்தைகள் நாலு பக்கமும் தேடினார்கள். சந்தானம் அழுகிற கட்டத்துக்கு வந்தபோது, "கூ!" என்று குரல் கொடுத்தாள். அவன் ஓடி வந்த வேகத்தில் அவள் மேல் மோதி, இரண்டு பேரும் சருகில் விழுந்தார்கள். அவள் சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தாள்.

நாலு மணி, திரும்புதல் என்று காகிதத்தில் எழுதியிருந்தது. பட்டாபிராமன் கடிகாரத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டான். அவர்கள் துறைக்கு வந்தபோது ஐந்தாகிவிட்டது.

திரும்பும் படகில் வேறு சிலரும் ஏறியிருந்தார்கள். எதிரே ஒரு வங்காளிப் பெண், மடியில் கைக்குழந்தை. சந்தானம் இந்தத் தடவை அப்பா மடியில் தூங்கிப்போனான். அந்தப் பெண் நாகலக்ஷ்மியைப் பார்த்துச் சிரித்து ஏதோ கேட்டாள்.

"உங்களுக்கு எத்தனை குழந்தைகள்னு கேக்கறா" என்றாள் காமு. பதிலை அவளே சொல்ல வாயெடுத்து, அம்மா முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

நாகலக்ஷ்மிக்கு அந்தப் பாஷையில் தெரிந்தது கொஞ்சம்தான். கறிகாய் வாங்கக் கற்றுக்கொண்டது. "தின்டி" என்றாள், மூன்று விரலைக் காட்டி.

அந்தப் பெண் காமுவைப் பார்த்தாள், தூங்குகிற சந்தானத்தைப் பார்த்தாள், மூன்றாவதைத் தேடினாள். நாகலக்ஷ்மி மெல்லத் தலையை அசைத்தாள். அந்தப் பெண்ணுக்குப் புரிந்துவிட்டது. குனிந்து, நாகலக்ஷ்மியின் முழங்கால் மேல் கையை வைத்தாள். அக்கரை நெருங்கும்வரை அந்தக் கை அங்கேயே இருந்தது. பட்டாபிராமன் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. கன்னத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

காமுவுக்கு அந்த மௌனம் நீளமாகப் பட்டிருக்க வேண்டும். அந்தப் பெண்ணிடம் வங்காளத்தில் கடகடவென்று ஏதோ சொல்ல ஆரம்பித்தாள். கையை விரித்து மரத்தைக் காட்டினாள், மூச்சைப் பிடித்துக் காட்டினாள், 'கூ!' என்று கூவிக் காட்டினாள். படகிலிருந்த எல்லாரும் திரும்பி நாகலக்ஷ்மியைப் பார்த்துச் சிரித்தார்கள். துடுப்புப் போடுகிற மாஜிகூடச் சிரித்தான்.

"என்னடி சொல்றே எல்லார்கிட்டயும்?" என்றாள் நாகலக்ஷ்மி, வெட்கத்தோடு.

"எங்க அம்மா ஒளிஞ்சுண்டா யாராலயும் கண்டுபிடிக்க முடியாதுன்னு" என்றாள் காமு.