கடைசி இடம்

சவப்பெட்டிக்குள் கிடந்த அப்பாவின் சட்டைக் காலரைத் தெமுகிசா சரிசெய்துகொண்டிருந்தபோது வைஃபாலே உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். மாங்கேரே தேவாலயப் பாடகர் குழுவில் அப்பாவுக்குப் பக்கத்திலேயே நின்று பல வருடம் பாடியவர். அத்தனை வருடமும் அப்பாவைக் கிண்டல் செய்தவர்.

தேவாலயத்தில் உடல் இளைக்கும் போட்டி தொடங்கியதும் எல்லோரும் கலோரி காட்டும் வாட்ச் கட்டிக்கொண்டார்கள். பள்ளி மைதானத்தைச் சுற்றி நடந்து யார் எத்தனை கலோரி எரித்தார்கள் என்று ஞாயிறு ஆராதனை முடிந்ததும் போதகர் வாசிப்பார். அப்பா பெனியாமினாதான் வாராவாரம் கடைசி.

"வாட்சைக் கட்டிக்கிட்டுத் தூங்கினியா பெனி? எங்க வீட்டு சோபாகூட உன்னைவிட ஜாஸ்தி எரிக்கும்!" என்பார் வைஃபாலே.

அப்பாவும் சேர்ந்து சிரிப்பார். முதுகில் சட்டை நனைந்து ஒட்டியிருக்கும்.

அவர் சாப்பிடும் இதய மாத்திரை நாடித்துடிப்பை ஏறவிடாது, வாட்ச் துடிப்பை வைத்துத்தான் கணக்குப் போடும் என்று மருந்துக்கடைப் பெண் தெமுகிசாவிடம் விளக்கியிருந்தாள்.

"அதை அவங்ககிட்ட சொல்லிட வேண்டியதுதானேப்பா?"

"சோம்பேறின்னா சொல்லிட்டுப் போகட்டும். நெஞ்சு நோயாளின்னு தெரிஞ்சா, பாடும்போது நாற்காலி போட்டு உட்கார வெச்சிடுவானுங்க."

போன செவ்வாய் காலை, நடக்கக் கிளம்பி ஷூ லேஸ் கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை.

பாயில் உட்கார்ந்திருந்த வைஃபாலே குரலைத் தாழ்த்தினார். "எனக்கும் ரெண்டு வாரமா வாட்ச்ல எண் ஏறவே மாட்டேங்குது தெமு. ஓடிக்கூடப் பார்த்துட்டேன். டாக்டர் புதுசா ஒரு மாத்திரை குடுத்தார், அதுலேருந்துதான்." மாத்திரையின் பெயரைச் சொன்னார்.

"அப்பாவுக்கும் அதேதான் மாமா."

அவர் பெட்டியைப் பார்த்தார்.

"என்கிட்ட ஏன் சொல்லலை அவன்?"

"நீங்க அவர்கிட்ட சொன்னீங்களா?"

அவர் பாயில் கையை ஊன்றினார். எழுந்திருக்கும்போது, "என் பையனுக்குக்கூடத் தெரியாது. சொல்லிடாத," என்றார்.

கல்லறைத் தோட்டத்தில் பாட்டு முடிந்ததும் ஆண்கள் கோட்டைக் கழற்றிவிட்டு, குழியை மூட மண்வாரிகளை எடுத்தார்கள். ராத்திரி மழையில் மண் ஊறிக் கனத்திருந்தது. மற்றவர்கள் ஆள் மாற்றி ஆள் தள்ளினார்கள். வைஃபாலே மட்டும் விடவில்லை.

"போதும்ப்பா, இப்படிக் குடுங்க," என்றான் அவர் மகன்.

"தள்ளி நில்லுடா."

அவருடைய உதடு வெளுத்திருந்தது. ஒவ்வொரு தடவை வாரியதும் நின்று மூச்சு வாங்கினார். மகன் சிரித்துக்கொண்டே ஒதுங்கினான். தெமுகிசா அவனைப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வைஃபாலே நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

அவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, பக்கத்தில் நின்றவனிடமிருந்து மண்வாரியை வாங்கினாள். அவருக்கு எதிரே போய் நின்று தள்ளத் தொடங்கினாள்.

"மெதுவாம்மா," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அவர் ஒரு தடவை வாருவதற்குள் அவள் மூன்று தடவை தள்ளினாள்; வேகத்தைக் குறைக்கவில்லை. குழி நிரம்ப இன்னும் பாதி மிச்சமிருந்தது.