மருந்து இழுப்பறையில் தங்கம்

இரும்புப் பெட்டியைத்தான் திருடன் முதலில் திறப்பான் என்பது மாமியாரின் வாதம். ஆகவே அந்த வீட்டுத் தங்கம் முழுவதும் நடைவழியிலிருந்த மருந்து இழுப்பறையில், இருமல் மருந்துக்குப் பின்னால் குடியிருந்தது. “திருடனுக்கு இருமல் வந்தாத்தான் அதைத் திறப்பான்” என்று அவர் பெருமையடித்துக்கொள்வதுண்டு.

மற்றபடி நகைகளைப் பேணுவதில் அவரிடம் குறை காண இயலாது. வெதுவெதுப்பான சோப்பு நீர், மிருதுவான தூரிகை, ஈரம் ஒற்றப் பருத்தித் துணி, ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனி டப்பா. மருமகளின் இரண்டு வளையல்கள் மட்டும் எந்த டப்பாவிலும் அடங்கவில்லை. அவற்றை ஓர் அட்டை மூடியில் பஞ்சு பரப்பித் திறந்தபடியே வைத்திருந்தார். மருமகளின் தாய் இறந்தபின், அந்த அம்மாளுடைய சங்கிலியை அழித்து அவள் தந்தை செய்துபோட்ட வளையல்கள் அவை.

உறவினர் வீட்டுத் திருமணத்துக்காக வெளியே எடுத்தபோது இரண்டும் பாதி வெளுத்திருந்தன. மாமியார் சோப்பு நீரில் ஊறவைத்தார், துலக்கினார். தாம் பிறருக்குக் கூடாதென்று தடுக்கும் பற்பசையையும் போட்டுத் தேய்த்தார். வெண்மை போகவில்லை.

“மேல பூச்சு போயி உள்ள இருக்கறது தெரியுது. கவரிங்குமா இது.”

“எங்கப்பா அப்படிச் செய்யற ஆளில்ல, அத்தை.”

“வளையல் பேசுதே! நான் என்ன பண்ண?”

கணவன் தாயையும் மனைவியையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுக் கைப்பேசியில் ஆழ்ந்தான். மாமனார் செய்தித்தாளின் பக்கத்தைத் திருப்பினார். சம்பந்தியை வரச்சொல்லித் தொலைபேசியில் அழைத்தவர் மாமியாரே.

மறுநாள் காலை மருமகளின் தந்தை வந்தார். தலைக்கவசத்தை மடியில் வைத்துக்கொண்டு வளையல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“உருக்கிப் பாத்துடுங்க, சம்பந்தியம்மா. பித்தளையா இருந்தா இந்த வீட்டு வாசப்படி ஏற மாட்டேன்.”

“தங்கமா இருந்தா?”

“அப்பவும் ஏற மாட்டேன்.”

பிறந்த வீடு என்று மருமகளுக்கு மிஞ்சியிருந்தது அந்த ஒரு மனிதர்தான். வளையல் தங்கமானாலும் பித்தளையானாலும் அவரை அவள் இழக்கப்போகிறாள் என்பது அந்த ஒற்றை வாக்கியத்தில் முடிவாகியிருந்தது.

“அப்பா, இருங்க. அத்தை, உங்ககிட்ட குடுக்கறப்போ மஞ்சளாத்தானே இருந்துச்சு? அந்த டிராயர்ல ஏதாச்சும் பட்டிருக்குமோ?”

“என் டிராயர்லயா?” மாமியாருக்குச் சுருக்கென்றது. இழுப்பறையை உருவிக்கொண்டுவந்து மேசைமீது வைத்தார். மருந்துகளையும் டப்பாக்களையும் வெளியே எடுத்து அடுக்கினார். பிறகு வெறும் பலகையை உள்ளங்கையால் மூலைவரை துடைத்துக் காட்டினார். “நல்லா பாத்துக்கோ. தூசி தும்பு இருக்கா?”

தூசி இல்லை. மூலையிலிருந்து கடுகைவிடச் சிறிய வெள்ளி மணிகள் உருண்டோடின. மாமியார் ஒன்றைப் பிடிக்கப்போனார். அது இரண்டாகப் பிளந்து நழுவியது.

“தொடாதம்மா! பாதரசம் அது!” மகன் இப்போதுதான் எழுந்தான். “தெர்மாமீட்டர் எங்க?”

அதன் உறை மருந்துகளோடு இருந்தது. உள்ளே முனை உடைந்த கண்ணாடிக் குச்சி.

எல்லாரும் மாமனாரைப் பார்த்தார்கள். போன மாதம் காய்ச்சல் கண்டவர் அவர் ஒருவரே.

“கை தவறிடுச்சு. அப்படியே உறையில போட்டு வச்சிட்டேன்.”

“நேத்துலேருந்து இவ்வளவு கூத்து நடக்குது, வாயத் திறந்தீங்களா?”

“என்னை யாரு கேட்டா?”

உடைத்தது கைப்பிழை, அதை யாரும் மன்னிக்கலாம். ஒரு மனிதரின் நாணயம் தம் கண்ணெதிரே சந்திக்கு இழுக்கப்படும்போது விளையாட்டுச் செய்தி படித்துக்கொண்டிருந்ததற்கு எந்த அகராதியிலும் மறதி என்ற பெயர் கிடையாது.

மகன் சன்னல்களைத் திறந்துவிட்டான். கெட்டித் தாளால் மணிகளைக் கூட்டி ஒரு புட்டிக்குள் சேர்க்கலானான். கையைக் கழுவிக்கொண்டு திரும்பிய மாமியார் நின்ற இடத்திலேயே நின்றார். அவருடைய திருமண மோதிரம் ஒரு பக்கம் வெளுத்திருந்தது. வளையலில் இருந்த அதே வெண்மை.

“இதுவும் கவரிங்கா, அத்தை?” மருமகளின் குரலில் கேலி இல்லை.

மாமியாருக்கு மோதிரத்தைக் கழற்ற நெடுநேரம் பிடித்தது. அதை ஒரு மூடி போட்ட டப்பாவிலும், வளையல்களை ஒரு கண்ணாடிப் புட்டியிலும் இட்டு மூடினார். சம்பந்தி அதற்குள் படியிறங்கியிருந்தார். மாமியார் வாசல்வரை போனார்.

“ரெண்டையும் நீங்களே ஆசாரிகிட்ட குடுத்துச் சரிபண்ணிக் கொண்டுவாங்க, சம்பந்தி.”

“உங்க மோதிரத்த என்கிட்டயா?”

“உங்ககிட்டதான்.”

“எடை போட்டு வச்சுக்கலையா?”

மாமியார் தலையைக் குனிந்துகொண்டார். சம்பந்தி இரண்டையும் உடனே வாங்கிவிடவில்லை. பிறகு டப்பாவை ஒரு பக்கப் பையிலும் புட்டியை மறு பக்கப் பையிலும் போட்டுக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

“அடுத்த வாரம் கொண்டாறேம்மா” என்றார். மகளைப் பார்த்துத்தான் சொன்னார். வாசலில் நின்று கொடுப்பாரா, உள்ளே வந்து கொடுப்பாரா என்பதை அவர் சொல்லவில்லை; கேட்கும் துணிவு மாமியாருக்கும் வரவில்லை.