சம்பியனுக்கு அடித்தவர்கள்

"தாரை வார்க்க நானும் மச்சாளும் நிக்கிறம். நீ குசினிப் பக்கத்தைப் பாத்துக்கொள்" என்று தம்பிஐயா அண்ணை சொன்னபோது நான் அவருக்குத் தேத்தண்ணி கொடுத்துக்கொண்டிருந்தேன். பந்தலுக்கு எத்தனை கதிரை எடுப்பது, சமையலுக்கு ஆரைப் பிடிப்பது என்று சொன்ன அதே மூச்சில் இதையும் சொல்லி முடித்துவிட்டார். கலியாணம் என் மகள் மனோகரிக்கு. எனக்கு இருப்பது அவள் ஒருத்திதான்.

தகப்பன் மகளின் கையைப் பிடித்து மாப்பிள்ளையின் கையில் வைக்க, தாய் பக்கத்தில் நின்று செம்பால் தண்ணீர் வார்க்க வேண்டும். புருசனும் பெண்சாதியுமாக நிற்க வேண்டிய இடம் அது. தனியாக ஒருத்தி நிற்க ஏலாது. என் புருசன் செல்வரத்தினம் நெடுந்தீவில் உயிரோடு இருக்கிறார். செத்திருந்தால் சனம் ஐயோ பாவம் என்றாவது சொல்லியிருக்கும். இருந்தும் இல்லாமல் இருக்கிறபடியால் எனக்கு அதுவும் கிடையாது. கழுத்தில் தாலி கிடக்க, நான் பெற்று வளர்த்த பெட்டைக்கு அண்ணன் பெண்சாதி தண்ணீர் வார்ப்பாள். நான் குசினியில் பருப்பு கொதிக்கிறதா என்று பார்க்க வேண்டும். நல்ல ஞாயம்.

"அவரைக் கூப்பிடுவம் அண்ணை."

"அந்தாளை மணவறையிலை ஏத்திப்போட்டு என்ன செய்யிறது? கை உதறுற உதறலைப் பாத்தா மாப்பிளை பகுதி என்ன நினைக்கும்?"

அண்ணையோடு வாதாடி வென்றவர்கள் எங்கள் ஊர் சரவணையில் இல்லை. அடுத்த நாள் விடிய எழும்பி, பட்டுவேட்டி எடுக்கப் பட்டணம் போகிறேன் என்று மனோகரிக்குச் சொல்லிவிட்டு, நெடுந்தீவு வள்ளம் வெளிக்கிடுகிற குறிகட்டுவானுக்குப் பஸ் ஏறினேன்.

செல்வரத்தினம் ஒரு காலத்தில் இலங்கைக்கே சம்பியன். ஐம்பத்தாறாம் ஆண்டு, குத்துச்சண்டையில், ஆகப் பாரமான ஆட்களின் பிரிவில். அவருடைய மாமாவுக்கு மாத்தறையில் சுருட்டுக்கடை இருந்தது. பதினாறு வயதில் கடைக்குப் போனவர், புகையிலைச் சிப்பம் தூக்கித் தூக்கித் தோள் விரிந்து, அங்கிருந்த ஒரு கழகத்தில் கையுறை மாட்டியவர். அவருடைய பாரத்துக்கு எதிர்த்து நிற்க ஆள் கிடைப்பதே கடினமாம். கொழும்பில் போட்டி வைத்தால் அவர் மாதக்கணக்கில் காத்திருப்பாராம், ஆராவது ஒருவன் அந்த அளவுக்குக் கொழுத்து வரட்டும் என்று. இதெல்லாம் அவர் சொல்லி நான் கேட்டது. எங்கள் ஆட்கள் தெற்கில் கடை வைத்திருப்பார்கள், நாங்கள் ஊரில் கிணற்றையும் வேலியையும் கட்டிக்கொண்டிருப்போம். திருவிழாவுக்கு வருவார்கள், போவார்கள். பேப்பரில் அவருடைய படம் வந்தது. இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் மடித்துக்கொண்டு முறைக்கிறார். அந்த முகத்தை நான் வீட்டில் ஒருநாளும் கண்டதில்லை. வீட்டில் அவர் மூன்று நீத்துப்பெட்டிப் புட்டைத் தின்றுவிட்டு, மனோகரியை நெஞ்சில் கிடத்திக்கொண்டு நித்திரை கொள்கிற மனுசன். ஆனாலும் கோயிலில் சனம் எனக்கு வழி விலத்தியது. நான் பெருமைப்பட்டேன். இல்லையென்றால் பொய்.

ஐம்பத்தெட்டுக் கலவரத்தில் கடையை எரித்தார்கள். பக்கத்துக் கடைச் சிங்கள மனுசன்தான் இவரையும் மாமாவையும் கொப்பறாச் சாக்குகளுக்குக் கீழே ஒளித்து வைத்துக் காப்பாற்றினார். அகதிக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். ஊர் சும்மா இருக்குமா? "சம்பியன் எண்டியள், சாக்குக்குக் கீழை கிடந்து வந்தவராமெல்லே" என்று கிணற்றடியில் என் காதுபடவே சொன்னார்கள். ஆயிரம் பேர் நெருப்போடு வந்தால் ஒரு மனுசன் என்ன செய்ய ஏலும்? நான் திருப்பிக் கேட்டேன், நன்றாகவே கேட்டேன். அவர் கேட்கவில்லை. மத்தியானத்திலேயே கள்ளுத் தவறணைக்குப் போகத் தொடங்கினார். பிறகு ஒரு கானிவல்காரன் வந்து அவரைக் கூட்டிக்கொண்டு போனான்.

வள்ளத்தில் எனக்குப் பக்கத்தில் தவிட்டு மூட்டையோடு ஒரு நெடுந்தீவு மனுசன் இருந்தார். வாய் ஓயாத மனுசன். கடல் அடித்தது, நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். எங்கே போகிறேன் என்று கேட்டார். செல்வரத்தினத்தார் வளவுக்கு என்றேன். நான் ஆர் என்று சொல்லவில்லை.

"ஆர், சம்பியனோ? அவருக்கு நான் அடிச்சிருக்கிறன் அக்கா."

"நீரோ?"

"ஓம். பட்டணத்து முற்றவெளிக் கானிவல்லை. காசு கட்டினா ஏறி அடிக்கலாம். விழுத்தினா நூறு ரூவா. நான் தாடையிலை ஒண்டு விட்டன், ஆள் ஆடிப்போனார். எங்கடை தீவிலை அவருக்கு அடிச்ச ஆக்கள் கனபேர் இருக்கினம்."

"அவர் திருப்பி அடிக்கேல்லையோ?"

"அடிக்கக் கூடாது அக்கா. அதுதானே விளையாட்டு. சிரிச்சுக்கொண்டு நிண்டவர்."

அவர் சிரித்ததை நானும் பார்த்திருக்கிறேன். மனோகரியைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அவருக்குத் தெரியாமல் ஒருநாள் முற்றவெளிக்குப் போனேன். என் புருசன் குத்துச்சண்டைக்காரன் என்று ஊரெல்லாம் சொன்ன நான் பார்த்த ஒரே குத்துச்சண்டை அதுதான். மீசை அரும்பாதவனெல்லாம் வரிசையில் நின்றான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒருவன், சப்பாத்தோடு ஒருவன். ஏறி, முகத்திலும் காதிலும் வயிற்றிலும் அடித்துவிட்டு இறங்கினார்கள். இவர் கைகளைத் தொங்கவிட்டபடி, வாயில் இரத்தத்தோடு சிரித்தார். சனமும் சிரித்தது. நான் திரும்பி வந்து இரண்டு நாள் சாப்பிடவில்லை.

அந்தக் கிழமை அவர் வீட்டுக்கு வந்தபோது நான் சொன்னேன்: "கானிவலுக்கு வந்தனான். பாத்தனான்." அவ்வளவுதான் சொன்னேன். போகவேண்டாம் என்று கெஞ்ச நினைத்திருந்தேன், அதற்கு இடம் கிடைக்கவில்லை. ஒரே ஒரு அடி. விழித்தபோது அலுமாரிக்குக் கீழே கிடந்தேன். இடது காதால் இரத்தம் வந்திருந்தது. இவர் கதிரையில் குடிவெறியோடு நித்திரை. விடிய அவருடைய பெட்டியை வாசலில் வைத்தேன். ஏன் என்று ஒரு கேள்வி கேட்காமல் தூக்கிக்கொண்டு போனார். கேட்காததை, செய்த குற்றத்தை ஒப்புக்கொண்டதாக நான் எடுத்துக்கொண்டேன். காதுக்கு என்ன என்று கேட்டவர்களுக்கு, தடிமனும் சளியும் வந்து அடைத்துப்போய்விட்டது என்றேன். மனோகரிக்கும் அதைத்தான் சொன்னேன். அந்தக் கானிவல்லில் எல்லோரும் அவருக்கு அடித்தார்கள். அவர் அடித்தது எனக்கு.

நெடுந்தீவில் அவர் இருந்தது சித்தப்பா முறையான ஒருவரின் வளவில். நான் போனபோது மாடு இடித்து விழுத்தின கல்வேலியைத் திரும்ப அடுக்கிக்கொண்டிருந்தார். பெரிய கடற்பாறைக் கற்களை வயிற்றில் அணைத்துத் தூக்கி வைத்தார், அவை சரியாகப் போய் இருந்தன. இடுக்கில் செருகுகிற சின்னக் கல்லை எடுத்தபோதுதான் கை உதறத் தொடங்கியது. மூன்று தரம் விழுத்தினார். என்னைக் கண்டதும் அந்தக் கையைப் பின்னால் கொண்டுபோனார். தலைமயிர் முழுக்க நரைத்து, தோள் மட்டும் பழைய அகலத்தில் இருந்தது. அந்தத் தோளில் சதை இல்லை.

"வாரும்" என்றார். இத்தனை வருசத்துக்குப் பிறகு, கடைக்குப் போய் வந்தவளைக் கூப்பிடுகிற மாதிரி. தேத்தண்ணி வைத்தார். எனக்கு நிறைய ஊற்றி, தனக்கு அரைக் கோப்பை ஊற்றினார். அரைக் கோப்பை என்றால் சிந்தாது.

அவர் என் இடப்பக்கத்தில் இருந்து ஏதோ சொன்னார்.

"இஞ்சாலை வந்து கதையுங்கோ. அந்தக் காது கேளாது."

"ஏன், காதுக்கு என்ன?"

நான் அவருடைய முகத்தைப் பார்த்தேன். நடிப்பென்றால் கண்டுபிடித்திருப்பேன், அந்த மனுசனுக்கு நடிக்கத் தெரியாது. புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, உண்மையான கவலையோடு என் காதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினைந்து வருசமாக நான் ஒருத்தி சரவணையிலும் அவர் ஒருவர் நெடுந்தீவிலும் இருந்து அந்த ஒரு அடியைச் சுமந்துகொண்டிருக்கிறோம் என்றல்லவா நினைத்திருந்தேன். அவரிடம் அது இல்லவே இல்லை. நான் தனியாகத்தான் சுமந்திருக்கிறேன். சொல்லட்டா என்று நினைத்தேன். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் இந்த மனுசன் கலியாணத்துக்கு வரமாட்டார், அது எனக்குத் தெரியும்.

"தடிமன் வந்து அடைச்சுப்போச்சு" என்றேன்.

"மருந்து எடுத்தனீரோ?"

"ஓம், எடுத்தனான். மனோகரிக்குக் கலியாணம். நீங்கள் வரவேணும்."

"கேள்விப்பட்டனான். உம்மடை அண்ணர் நிப்பார்தானே."

"அவர் நிண்டா நான் நிக்க ஏலாது."

அவருக்கு அது விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிக் காட்டினார். "இதை வைச்சுக்கொண்டோ? குடிச்சிட்டு நிக்கிறன் எண்டெல்லோ சொல்லுவினம். குடியை நான் எப்பவோ விட்டிட்டன். குடிக்கிறன் எண்டுதானே நீர் அனுப்பினனீர். விட்டிட்டன் எண்டு சொல்லி அனுப்ப நினைச்சனான், ஆரிட்டைச் சொல்லிவிடுறது."

"சொல்லுற சனம் சொல்லட்டும். நீங்கள் வாங்கோ" என்றேன். குரல் உடைந்துவிட்டது. அவருக்காக உடைந்ததா எனக்காக உடைந்ததா என்று இன்றைக்கும் தெரியாது. வரும் வழியெல்லாம் வள்ளத்தில் அழுதேன். கடல்தண்ணி முகத்தில் அடித்தபடியால் ஒருவரும் கேட்கவில்லை.

கலியாணத்தன்று அவர் முதல் வள்ளத்தில் வந்தார். வெள்ளை வேட்டி, தோய்த்து மடித்த சால்வை. தம்பிஐயா அண்ணை என்னை ஒரு பார்வை பார்த்தார், அதிலேயே இன்னும் பத்து வருசத்துக்கு என்னோடு பேசமாட்டார் என்று விளங்கியது. அன்னப்பிள்ளை மச்சாள் கூறைச் சீலையைப் போல ஒன்றை உடுத்திக்கொண்டு ஆயத்தமாக நின்றாள். மாப்பிள்ளை பகுதிப் பெடியன்கள் இவரைக் கைகாட்டிக் குசுகுசுத்தார்கள். "உவருக்கு எங்கடை அப்பா அடிச்சவராம்" என்று ஒருவன் சொன்னது எனக்கு நல்ல காதில் கேட்டது. இவருக்கும் கேட்டிருக்கும். சிரித்தார், அதே சிரிப்பு.

மனோகரி தகப்பனை நிமிர்ந்து பார்க்கவில்லை. அவளுக்கு அவர் ஒரு பேப்பர் படம்தான்.

ஐயர் கூப்பிட்டார். நான் செம்பை எடுத்துக்கொண்டு அவருக்குப் பக்கத்தில் போய் நின்றேன். மகளின் கையில் வெற்றிலையும் பாக்கும் எலுமிச்சங்காயும் காசும் வைத்து, அந்தக் கையைத் தகப்பன் கையில் ஏந்தச் சொன்னார். ஏந்தின உடனே உதறல் பிடித்தது. எலுமிச்சங்காய் உருண்டு விளிம்புக்கு வந்தது. மனோகரியின் வளையல்கள் எல்லாம் கிலுகிலுத்தன. பந்தலில் கதை நின்றுபோனது. பின்வரிசையில் ஆரோ "வெறி" என்றான். தம்பிஐயா அண்ணை சால்வையைச் சரிசெய்துகொண்டு மணவறைப் படியில் காலை வைத்தார், மச்சாள் என்னிடம் செம்புக்குக் கை நீட்டினாள்.

நான் கொடுக்கவில்லை. செம்பை வலக்கையில் பிடித்துக்கொண்டு, இடக்கையை அவருடைய கைக்குக் கீழே கொடுத்துத் தாங்கினேன். அப்படி ஒரு முறை சாத்திரத்தில் இருக்கிறதோ இல்லையோ, ஐயர் ஒருதரம் நிமிர்ந்து பார்த்துவிட்டு மந்திரத்தைத் தொடர்ந்தார். சாத்திரத்துக்கா நான் கடல் கடந்து போனேன்?

உதறல் என் கைக்குள் இறங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது. அந்தக் கைக்குப் பாரமே இல்லை. கோழிக்குஞ்சு ஒன்றைப் பிடித்திருக்கிற மாதிரி, எலும்பும் சூடும்தான். நாட்டிலேயே ஆகப் பாரமான மனுசன் என்று பேப்பரில் போட்டார்கள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. இவ்வளவுதானா இந்தக் கை? ஊரெல்லாம் இவருக்கு அடித்தவர்கள் இருக்கிறார்கள், சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். இந்தக் கையால் அடி வாங்கினவள் நான். அது இந்தப் பந்தலில் ஒருவருக்கும் தெரியாது, இவருக்கும் தெரியாது.

"தண்ணியை வாருங்கோ அம்மா" என்றார் ஐயர்.

வார்த்தேன். தண்ணீர் மகளின் விரல்களில் விழுந்து, அவருடைய கையில் இறங்கி, என் உள்ளங்கைக்கு வந்து, முழங்கை வழியே ஓடிச் சீலையை நனைத்தது. அவர் குனிந்து, நனைகிற என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "காணும், போதும்" என்று ஐயர் சொன்னார். செம்பில் இன்னும் தண்ணீர் இருந்தது. நான் வார்த்துக்கொண்டே நின்றேன்.