நம்ம வண்டிதானே

டயர் கடைக்காரன் வண்டியில் நல்ல டயரைப் பார்த்தவர் யாரும் இல்லை. வாடிக்கையாளர் வேண்டாமென்று கழற்றிப் போட்டதில் கொஞ்சம் உயிர் மிச்சமிருப்பதைத் தேடித் தன் வண்டிக்கு மாட்டிக்கொள்வான். கேட்டால், "நம்ம வண்டிதானே" என்பான். இவனும் அந்த ரகம்தான். பின்சக்கரத்தில் வழுக்கை விழுந்த டயர் ஒன்று. பின்சீட்டில் மனைவி, மடியில் பை. அக்கா வீட்டில் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருவதாகச் சொல்லியிருந்தாள். பையின் கனம் கொஞ்ச நாளுக்கானதாகத் தெரியவில்லை. திரும்பி வருவாளா என்று கேட்கத்தான் அவனுக்கு வாய் வரவில்லை.

குழந்தை வயிற்றிலேயே போனதிலிருந்து அந்த வீட்டில் யாரும் அழவும் இல்லை, சண்டை போடவும் இல்லை. அடுப்பு எரிந்தது, துணி காய்ந்தது. மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு நடப்பதுபோல இருவரும் நடமாடினார்கள்.

மேம்பாலத்தில் இறங்கும்போது பின்னால் படீரென்று வெடித்தது. வண்டியின் பின்பாதி இப்படியும் அப்படியும் அலைந்தது. புதிதாக ஓட்டுகிறவன் என்றால் பதறிப்போய் பின்பிரேக்கை மிதித்துக் கூண்டோடு கைலாசம் போயிருப்பான். இவன் மிதிக்கவில்லை. ஆக்ஸிலேட்டரை மெல்லத் தணித்தான். முழங்கால்களால் டேங்கை இறுக்கிக்கொண்டு, ஹேண்டிலோடு மல்லுக்கட்டாமல் நேராகப் பிடித்தான். வேகம் செத்த பிறகு முன்பிரேக்கைப் பட்டும் படாமலும் பிடித்து ஓரங்கட்டினான். பின்னால் வந்த லாரி ஹாரனாலேயே திட்டிவிட்டுப் போயிற்று. எல்லாவற்றையும் கைகளே பார்த்துக்கொண்டன. நெஞ்சு படபடக்கக்கூட இல்லை.

இறங்கிய பிறகுதான் ஒன்று உறைத்தது. அவ்வளவு ஆட்டத்திலும் அவள் கை அவன்மேல் படவே இல்லை.

"பிடிச்சுக்கலையா?"

"தோணலை."

"விழுந்திருந்தா?"

"விழுந்திருப்போம்," என்றாள், நாளைக்குத் துணி துவைக்கணும் என்கிற குரலில்.

டயர் பக்கவாட்டில் கிழிந்து ட்யூப் வெளியே தொங்கியது. ஒட்டுப்போட்டு ஒப்பேற்றுகிற சமாசாரம் இல்லை. கடையில் இருந்த கூட்டாளிக்கு ஃபோன் போட்டான். ஓயாத வாய் என்பதால் அவனுக்கு ரேடியோ என்று பெயர்.

"நம்ம வண்டிக்குத்தானேண்ணே? பழசுல ஒண்ணு தேடி எடுத்துட்டு வரேன்."

"வேணாம். ஷட்டர் பக்கத்துல புதுசு இருக்குல்ல, அதைக் கொண்டா."

"அது கொரியர்காரருக்கு எடுத்து வெச்சதுண்ணே. சாயங்காலம் வந்துடுவாரு."

"அவர் நாளைக்கு வரட்டும். உங்க அண்ணி நடுரோட்டுல நிக்கிறா. நீ கிளம்பு."

அவள் பையைக் கைப்பிடிச்சுவரில் வைத்துவிட்டு அவன் முகத்தை நேராகப் பார்த்தாள். அப்படிப் பார்த்துப் பல நாள் ஆகியிருந்தது.

"அன்னிக்கு வலிக்குதுன்னு ஃபோன் பண்ணினேன். ஆள் காத்திட்டிருக்காரு, ஒரு டயர் மாட்டிட்டு வந்துடறேன்னீங்க."

"வந்தேனே."

"வந்தீங்க. இப்ப சொன்னீங்களே, அவர் நாளைக்கு வரட்டும்னு. அதை அன்னிக்குச் சொல்லியிருக்கலாம்."

கோபமாகக் கேட்டிருந்தால் தாங்கியிருப்பான். முன்பே வந்திருந்தாலும் காப்பாற்றியிருக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அதை இப்போது எடுத்துச் சொல்ல அவனுக்கே வெட்கமாக இருந்தது. கொரியர்காரருக்கு நல்ல டயர், தனக்கு வழுக்கை டயர் என்றே பழகியவன், அவளையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்துவிட்டிருந்தான்.

பஸ் வந்தது. அவள் கைகாட்டினாள். நின்றது.

"எப்ப வருவே?" கடைசியில் கேட்டேவிட்டான்.

"தெரியலை. அதையாவது நல்லா மாட்டுங்க," என்று சொல்லிவிட்டு ஏறிப்போனாள்.

ரேடியோ வண்டியை நிறுத்துவதற்குள்ளேயே ஆரம்பித்தான். "கொரியர்காரருக்கு நான் என்ன பதில் சொல்றது? ஆமா, அண்ணி எங்கண்ணே?"

அவன் குனிந்து சக்கரத்து நட்டில் ஸ்பேனரை வைத்தான். வழுக்கிற்று. மறுபடி வைத்தான். டயர் வெடித்தபோது எல்லாவற்றையும் பார்த்துக்கொண்ட கைகளுக்கு இப்போது ஒரு நட்டு பிடிபடவில்லை. ரேடியோ ஸ்பேனரை வாங்கிக்கொண்டான். புது டயரை மடியில் வைத்துக்கொண்டு அவன் ரோட்டோரத்தில் உட்கார்ந்து அழுதான். ரேடியோ ஒரு வார்த்தை பேசாமல் சக்கரத்தைக் கழற்றினான்.