சனிக்கிழமை வரைக்கும்

அந்தச் சனிக்கிழமை காலை தலையணை உறைகளை நான் உருவிய வேகத்தில் ஒன்று தையல் விட்டுப்போனது. விருந்தாளி கிளம்புவதற்கு முன்பே கட்டிலில் கை வைப்பது எங்கள் தொழிலில் மரியாதை இல்லை. பத்து மணிக்கு அவர்கள் போகவேண்டும், அதன் பிறகுதான் நான் வாளியும் துடைப்பமுமாக உள்ளே நுழைய வேண்டும். ஆனால் இந்த மாரீன் என் தம்பியை வேண்டாம் என்று சொல்லிவிட்டவள். இவளுக்கு என்ன மரியாதை வேண்டிக்கிடக்கிறது? வாசலில் அவள் காரின் பின்கதவைத் திறந்துவைத்துப் பெட்டியை ஏற்றிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே விரிப்பை இழுத்துச் சுருட்டித் தரையில் போட்டேன்.

என் தம்பி ஆர்ச்சிக்கு அறுபத்தொரு வயது. கல்யாணம் ஆகவில்லை, ஆடுகள் இருக்கின்றன. அப்பா காலத்து மாட்டுத்தொழுவத்துக்குத் தரை போட்டு, ஜன்னல் வைத்து, விடுமுறைக் குடிலாக்கி வாடகைக்கு விடுகிறோம். போனில் ‘நெட்டா பேசுகிறேன்’ என்பது, துணி துவைப்பது எல்லாம் என் பாடு. வசந்தம் முதல் இலையுதிர் காலம் வரைக்கும் ஆர்ச்சி கடலோரத்துக் கில்டோரன் கோட்டைக்குக் காவலாள். கோட்டை என்றால் கூரை இல்லாத ஒரு கோபுரம், விழலாமா வேண்டாமா என்று யோசிக்கிற சில சுவர்கள். அதைப் பார்க்க எங்கெங்கிருந்தோ வருகிறார்கள். எங்கள் பசுக்கள் படுத்த இடத்தில் படுத்துக்கொண்டு, எங்கள் ஆடுகள் முதுகு சொறிகிற சுவரைப் படம் எடுத்துக்கொண்டு, ஆகா என்ன அமைதி என்கிறார்கள். நல்ல ஜனங்கள்தான். குளியல் துண்டில் சேற்றுக்காலைத் துடைக்காமல் இருந்தால் இன்னும் நல்ல ஜனங்கள்.

மாரீன் முதலில் வந்து மூன்று வருடம் இருக்கும். தெற்கே இங்கிலாந்தில், நாரிச் ஊரில் பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவள். கணவர் காலமாகிவிட்டார். இருவருமாகப் போகலாம் என்று தள்ளிப்போட்ட கோட்டைகளை எல்லாம் ஒற்றை ஆளாகப் பார்த்துவிடுவது என்று கிளம்பியிருந்தாள். வந்த மறுநாளே கொட்டுகிற மழையில் கில்டோரனுக்குப் போயிருக்கிறாள். சீட்டுக் கொடுக்கும் மரக்கூண்டுக்குள் ஆர்ச்சி உட்கார்ந்திருந்தான். முகம் தெரியாதவர்களிடம் பேச்சுக் கொடுக்க அவனுக்குத் தெரிந்தது ஒரே ஒரு கேள்வி.

"எங்க தங்குறீங்க?"

"உங்க வீட்டுலதான்" என்றாளாம் அவள்.

ஆர்ச்சி தேநீர்க் குடுவையைக் கீழே போட்டு உடைத்துவிட்டான்.

எங்கள் வட்டாரத்தில், ஓர் ஊரில் குடியிருப்பதையும் தங்குவது என்றுதான் சொல்வோம். பிறந்த வீட்டிலேயே கிடந்து எண்பது வயதில் செத்துப்போனவரைக்கூட, பாவம், அந்தக் கல்வீட்டில் தங்கினார் என்போம். ஆர்ச்சி கேட்டது, சொந்த வீடு எந்த ஊர் என்று. தெற்கத்திக்காரர்களுக்குத் தங்குவது என்றால் பெட்டியோடு வந்து பெட்டியோடு போவது. குடிலின் சுவரில் ஆர்ச்சி ஆட்டுக்குட்டியோடு நிற்கிற படம் இருக்கிறது. அதை வைத்து ஆளை அடையாளம் கண்டு அவள் உள்ளதைச் சொன்னாள். இவனுக்கோ முன்பின் தெரியாத ஒருத்தி வந்து உன் வீட்டில்தான் குடியிருக்கிறேன் என்றது போல இருந்தது. பிறகு இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். ஆளுக்கு ஒரு காரணத்துக்குச் சிரித்தார்கள் என்பது இரண்டு பேருக்கும் தெரியவில்லை. எனக்கும் பின்னால்தான் தெரிந்தது.

அதிலிருந்து வசந்தத்தில் ஒரு தடவை, இலையுதிர் காலத்தில் ஒரு தடவை என்று வர ஆரம்பித்தாள். கோட்டைக்கு விடுப்பு நாள் வந்தால் ஆர்ச்சி அவளைக் கூட்டிக்கொண்டு பழங்காலத்தில் நட்டுவைத்த நெடுங்கற்களையும் இடிந்த மாதாகோயில்களையும் காட்டப் போவான். எங்கள் சாலைகளில் ஒரு வண்டிதான் போகலாம். எதிரே இன்னொன்று வந்தால் ஒதுங்குமிடம் வரைக்கும் யாராவது பின்னாலேயே போகவேண்டும். ஒருநாள் அவள் வளைவும் பள்ளமுமான பாதையில் கண்ணாடியைப் பார்த்தபடியே சரசரவென்று பின்னால் போய் நிறுத்தியதைப் பார்த்து, எதிரே வந்த தபால்காரர் தொப்பியைக் கழற்றினாராம். இதை ஆர்ச்சி என்னிடம் ஒன்பது தடவையாவது சொல்லியிருப்பான். அவன் காதலில் விழுந்தது அன்றைக்குத்தான். அதன் பிறகு சீப்பு ஒன்று வாங்கினான்.

அவன் சந்தோஷமாக இருந்ததைப் பார்க்க எனக்கு எவ்வளவு ஆசையாக இருந்தது என்று சொல்லி முடியாது. அதனால்தான் அவளைக் கேட்டுவிடச் சொல்லி நச்சரித்தேன்.

"கேளுடா. வாயில என்ன கொழுக்கட்டையா?"

"மழை விடட்டும் நெட்டா."

"இந்த ஊர்ல மழை விட்டு, நீ வாயத் திறந்து... உங்க ரெண்டு பேரையும் கல்லறையிலதான் பக்கத்துல பக்கத்துல வைக்கணும்."

"சும்மா இரு."

"அழுத பிள்ளைதான்டா பால் குடிக்கும்."

இந்தத் தடவை அவள் வந்திருந்தபோது, வியாழக்கிழமை கேட்டுவிட்டான். கடல்நாய் காட்டுகிறேன் என்று கோபுரத்து உச்சிக்குக் கூட்டிப்போயிருக்கிறான். சாயங்காலம் என் சமையலறைக்கு வந்து உட்கார்ந்தவன் சூப்பைத் தொடவில்லை.

"கேட்டியா?"

"கேட்டேன். 'நீங்க இங்க தங்குவீங்களா'ன்னு கேட்டேன்."

"அதுக்கு?"

"'சனிக்கிழமை வரைக்கும் தங்குவேனே'ன்னாங்க." கரண்டியைக் கவிழ்த்து வைத்தான். "சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க."

அந்தச் சிரிப்பைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வேண்டாம் என்றால் வேண்டாம் என்று சொல்லவேண்டியதுதானே? ஒரு மனுஷன் நெஞ்சைத் திறந்து வைக்கும்போது கேலி என்ன கேலி? நானும் இந்த ஊர்க்காரிதானே, எனக்கும் உறைக்கவில்லை.

ஆகவே தலையணை உறை கிழிந்தது. சுற்றுலாப் பருவத்தின் கடைசிச் சனிக்கிழமை அது. அவள் போனதும் நான் தண்ணீரை அடைத்து, பனியில் வெடிக்காமல் இருக்கக் குழாய்களை வடிக்கவேண்டும். ஆர்ச்சி கோட்டையைப் பூட்டிக் கொடியை இறக்கவேண்டும். வசந்தம் வரைக்கும் அவ்வளவுதான்.

மாரீன் சாவியோடு உள்ளே வந்து வெறும் மெத்தையைப் பார்த்தாள்.

"இன்னும் பத்து ஆகலையே நெட்டா?"

"எனக்கு வேலை கிடக்கு" என்றேன், திரும்பாமல்.

அவள் போகவில்லை. சாவியை மேசையில் வைத்தாள், மறுபடி எடுத்தாள்.

"நேத்து கடைக்காரம்மா என்னைப் பார்த்து 'எங்க தங்குற'ன்னு கேட்டாங்க. குடில்லதான்னேன். 'அது தெரியாதா எனக்கு, உங்க ஊர்ல எங்க தங்குற'ங்கறாங்க. 'எங்க ஊர்ல எனக்கு வீடு இருக்கே, நான் எதுக்குத் தங்கணும்'னேன். என்னைப் பைத்தியம் மாதிரி பார்த்தாங்க. இன்னைக்குப் பல் தேய்க்கும்போது திடீர்னு ஒண்ணு தோணுச்சு. நெட்டா, இந்த ஊர்ல தங்குறதுன்னா என்ன?"

"குடியிருக்கிறது. வேற என்ன?"

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. சுருட்டிய விரிப்போடு திரும்பினேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"நான் சனிக்கிழமைன்னு சொன்னேன்."

"ஆமா. சனிக்கிழமைன்னு."

"அவர் முகம் போன போக்கைப் பார்த்து படி ஏறினதுல மூச்சு வாங்குதுன்னு நெனச்சேன்! மாத்திரை ஏதாவது வேணுமான்னு கேட்டேன் நெட்டா!"

பாவம் என்றுதான் நினைத்தேன், ஆனால் சிரிப்பு முந்திக்கொண்டது. இருவரும் வெறும் மெத்தையில் விழுந்து சிரித்தோம். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்து, கிழிந்த உறையிலேயே துடைத்துக்கொண்டேன். முதலில் நிறுத்தியது அவள்தான்.

"எனக்கு அங்க பொண்ணு இருக்கா. ரோஜாச் செடியெல்லாம் இருக்கு. இந்த வயசுல இதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

"என்கிட்ட எதுக்குக் கேட்கிறீங்க? கேட்டவன் அங்க கொடி இறக்கிட்டிருக்கான்." அவள் அசையவில்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது, மரியாதையும் கூடவே போய்விட்டது. "போ மாரீன்! ஓடு!"

காரை எடுக்கத் தோன்றாமல், வயல் நடுவே, ஆடுகள் விலகி வழிவிட, ரப்பர் காலணியோடு ஓடினாள். பஸ்காரி ஓடுவாள் என்று நான் நினைத்ததே இல்லை.

குடிலில் பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே இருக்கும் ஜன்னலிலிருந்து கோட்டை தெரியும். கோபுரத்து உச்சியில் ஆர்ச்சி கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். கொடி பாதியில் சிக்கிக்கொண்டு நின்றது. அதைப் பார்த்து ஊரில் யார் செத்துப்போனார்கள் என்று நாலு பேராவது விசாரித்திருப்பார்கள். கீழே மாரீன் போய்ச் சேர்ந்து, இரண்டு கைகளையும் ஆட்டி ஏதோ கத்தினாள். காற்று அதைக் கடல் பக்கமாகக் கொண்டுபோனது. ஆர்ச்சி குனிந்து காதுக்குப் பின்னால் கையை வைத்தான். அவள் மறுபடி கத்தினாள். அவன் கயிற்றை அப்படியே விட்டான், அடுத்துப் பார்த்தபோது உச்சியில் ஆள் இல்லை. அந்தப் படிகள் வழுக்கும், மெதுவாக வாடா என்று நான் இங்கிருந்தே சொன்னேன்.

தண்ணீர் அடைப்பான் தொட்டிக்குக் கீழேதான் இருக்கிறது. குனிந்து அதில் கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். வாசலில் காரின் பின்கதவு இன்னும் திறந்தே கிடந்தது. எங்கள் சிவப்புக் கோழி உள்ளே ஏறி, மாரீனின் பெட்டிமேல் காலை மடக்கி, இறக்கையை உப்பிக்கொண்டு வசதியாக உட்கார்ந்திருந்தது. நான் விரட்டவில்லை.