சூரன் போருக்கு முதல் நாள்

அந்த வருடம் கந்தசஷ்டிக்கு நடுவில் அமெரிக்கத் தேர்தல் வந்தது. விசா இல்லாதவர்களையெல்லாம் திருப்பி அனுப்புவேன் என்றவர் தோற்க வேண்டும் என்று நேர்ந்து, பாலும் பழமுமாக விரதம் இருந்தேன். என் தம்பி றஜீவன் பல வருடமாக நியூ ஜெர்சியில் விசா இல்லாமல்தான் இருக்கிறான். நான் இருக்கும் லண்டனில், லூயிஷாம் சிவன் கோவிலில் அவன் பேருக்கு அருச்சனையும் செய்தேன்.

புதன்கிழமை விடிய, அவர் வென்றுவிட்டார் என்று செய்தி வந்தது. வேலையிடத்தில் எல்லாருக்கும் செத்தவீட்டு முகம். "முதலில் உக்ரைனைக் கைவிடுவார், பிறகு எங்களை," என்றாள் போலந்துக்காரி மார்த்தா. அவளுக்கு அவள் நாடு, எனக்கு என் தம்பி.

பின்னேரம் அவனுக்குப் போன் எடுத்தேன். அழுவான் என்று நினைத்தேன். சிரித்தான்.

"எனக்கு வோட் இருந்திருந்தா நானும் அவருக்குத்தான் போட்டிருப்பன், அக்கா. பின்னால வாறவையை ஆரும் மறிக்கத்தானே வேணும்."

"விசரா, உன்னைத்தானடா பிடிச்சு அனுப்பப் போறாங்கள்."

"நான் ஒழுங்கா வேலை செய்யிறன். என்னை ஏன் பிடிக்கினம்?"

போனை வைத்துவிட்டேன். பசி வயிற்றைப் பிடுங்கியது. அடுத்த நாள் கோவிலில் சூரன் போர். யாரைச் சூரன் என்று நினைத்துக் கும்பிடுவது என்று எனக்கு விளங்கவில்லை.