நான்காவது சக்கரம்

மெக்கானிக்குக்கு அந்த வட்டாரத்தில் 'காது' என்று பட்டப்பெயர். வண்டியைக் கண்ணில் காட்டக்கூட வேண்டாம், ஃபோனில் சத்தத்தைச் சொன்னால் போதும், கோளாறு இன்னதென்று சொல்லிவிடுவார். சொல்லி முடிப்பதற்குள் சொல்லிவிடுவார் என்பதுதான் சரி. வந்தவர் பாதி வாக்கியம் தாண்டியிருக்க மாட்டார், இவர் கையைத் துடைத்துக்கொண்டே தீர்ப்பைப் படித்து முடித்திருப்பார். பத்தில் ஒன்பது தடவை அது சரியாகவும் இருந்து தொலைக்கும். பிறகு தலைக்கனத்துக்குக் கேட்பானேன்?

அன்று காலை பத்து மணிக்கு மனைவி கூப்பிட்டாள். அவள் நர்ஸ். வாரம் ஒருநாள் தடுப்பூசிப் பெட்டியை ஏற்றிக்கொண்டு, ஆஸ்பத்திரியின் ஃபோர் வீல் டிரைவ் வண்டியைத் தானே ஓட்டி மலைக்குடியிருப்புகளுக்குப் போவாள். அந்த வண்டிக்கு எல்லா வேலையும் இவருடைய பட்டறையில்தான். முந்தாநாள் நாலு சக்கரத்தையும் கழற்றி பிரேக்கைப் பார்த்துக் கொடுத்திருந்தார். நேற்று முழுக்க வண்டி ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்றது.

"என்னங்க, வண்டி திரும்பும்போது டிக் டிக்னு ஒரு சத்தம் வருது."

"எந்தப் பக்கம் திரும்பும்போது?"

"வலது பக்கம். அதோட..."

"இடது முன்சக்கரத்து ஆக்ஸில் ஜாயின்ட். ரப்பர் உறை கிழிஞ்சு கிரீஸ் வெளிய வந்திருக்கும். ஒண்ணும் ஆகாது, மெதுவா போயிட்டு வா. சாயங்காலம் பாத்துக்கலாம்."

"இல்லங்க, நான் என்ன சொல்ல வந்தேன்னா..."

"ஒண்ணும் ஆகாதுன்னா ஆகாது. நான்தான் சொல்றேன்ல?"

இணைப்பு அறுந்துவிட்டது. மலையில் அது வழக்கம்தான். அவர் ஃபோனைப் பையில் போட்டுக்கொண்டு, எதிரே நின்ற வாடகைக் காரின் சக்கரத்துக்குத் திரும்பினார். மனதுக்குள் ஒரு திருப்திகூட இருந்தது. வலது பக்கம் திரும்பினால் பாரம் இடது சக்கரத்தில் இறங்கும், தேய்ந்த ஜாயின்ட் அப்போதுதான் வாயைத் திறக்கும். ஒரே கேள்வியில் ஆளைப் பிடித்தாயிற்று.

சக்கரம் மாட்டுவதில் அவருக்கு ஒரு முறை உண்டு. முதலில் நட்டுகளைக் கையால் சுற்றி விடுவார். பிறகு ஜாக்கியை இறக்கி, சக்கரம் தரையில் நின்ற பிறகு, ஸ்பேனரில் உடம்பு பாரத்தையெல்லாம் போட்டு முடுக்குவார். முடுக்கிய ஒவ்வொரு நட்டின் மேலும் மஞ்சள் மார்க்கரால் ஒரு கோடு. கோடு இல்லாமல் எந்த வண்டியும் பட்டறை வாசலைத் தாண்டக் கூடாது. இதை ஊரெல்லாம் சொல்லிப் பீற்றிக்கொள்வார்.

வாடகைக் காரின் நட்டுகளை முடுக்கிவிட்டு, மார்க்கருக்காகச் சட்டைப் பையில் கை விட்டார். பை காலியாக இருந்தது. நேற்று சக்கர வேலை எதுவும் வராததால் அதைத் தேடவே இல்லை.

முந்தாநாள் மாலை வண்டியை எடுக்க வந்த மனைவி, "பெட்டி மேல தேதி எழுதணும், அந்த மார்க்கரைக் குடுங்க" என்று குரல் கொடுத்தது நினைவுக்கு வந்தது. எழுந்து போய்க் கொடுத்தார். எழுந்தது எங்கிருந்து? இடது முன்சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து. மூன்று சக்கரம் முடிந்திருந்தது. நான்காவதில் நட்டுகளைக் கையால் மட்டும் சுற்றியிருந்தார். அவளிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத் திரும்பி வந்து ஜாக்கியை இறக்கினார், சாவியைக் கொடுத்தார். நடுவில் ஸ்பேனரைத் தொட்டாரா? எவ்வளவு யோசித்தும் தொட்டதாக ஞாபகமே இல்லை.

'அதோட' என்றாளே, அதோட என்ன? நேராகப் போகும்போதும் சத்தம் வருகிறது என்றுதான் சொல்ல வந்திருப்பாள். ஜாயின்ட் போனால் திரும்பும்போது மட்டும்தான் டிக் டிக். சக்கரம் கழன்றுகொண்டிருந்தால் நேராகப் போனாலும் வரும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் எவனும் கேட்கிற கேள்வி அது. அதைக் கேட்கவில்லை, அவளாகச் சொல்ல வந்ததையும் சொல்ல விடவில்லை.

ஏழு தடவை கூப்பிட்டார். ஏழு தடவையும் தொடர்பு எல்லைக்கு வெளியே என்று ஒரு பெண்குரல் நிதானமாகச் சொன்னது. ஸ்பேனரையும் ஜாக்கியையும் சாக்கில் போட்டு மோட்டார் சைக்கிளில் கட்டினார்.

"காது, என் வண்டி என்னாச்சு?" என்று கத்தினார் வாடகைக் கார்க்காரர்.

"உங்க வண்டிக்கு எல்லாம் முடுக்கியாச்சு!" என்று சொல்லிக்கொண்டே மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

மலைப்பாதையில் ஒவ்வொரு வளைவிலும் வேகத்தைக் குறைத்து, தடுப்புச்சுவர் உடைந்திருக்கிறதா என்று பார்த்தார். உடையவில்லை என்றதும் மூச்சு வந்தது. அடுத்த வளைவு தெரிந்ததும் போயிற்று. பதினோராவது வளைவில் தார்மேல் ஏதோ மின்னியது. இறங்கி எடுத்தார். வீல் நட்டு. புழுதியில்லை, துருவில்லை, இன்று விழுந்தது. அதைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாகக் கடவுளிடம் பேரம் பேசினார்.

இன்னும் இரண்டு வளைவு தாண்டி வண்டி ஓரமாக நின்றது. வண்டி உருளாமல் பின்சக்கரங்களுக்குக் கல்லை முட்டுக் கொடுத்திருந்தாள். தடுப்பூசிப் பெட்டியை நிழலில் இறக்கி, பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இவரைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை.

இடது முன்சக்கரத்தில் ஐந்து நட்டுக்கு மூன்றுதான் இருந்தன. ஒன்றைத் தொட்டார், விரலுக்கே சுழன்றது. மற்ற மூன்று சக்கரங்களிலும் மஞ்சள் கோடுகள் பளிச்சென்று இருந்தன.

"நான்தான்," என்றார். "முடுக்கல. மறந்துட்டேன்."

"தெரியும். கோடு இல்லையே."

"நேராப் போகும்போதும் சத்தம் வந்துச்சா?"

"வந்துச்சு. ஜாயின்ட்னா நேராப் போகும்போது வராதுன்னு கல்யாணமான புதுசுல மணிக்கணக்கா பாடம் எடுத்தீங்களே. அதைத்தான் கேக்க வந்தேன்." அவள் பெட்டியின் மூடியை அழுத்திச் சரிசெய்தாள். "நீங்க ஒண்ணும் ஆகாதுன்னு ரெண்டு தடவ சொன்னதும் எனக்குத்தான் புரியலன்னு நினைச்சுட்டேன். நம்பி இன்னும் மூணு வளைவு ஓட்டினேங்க. மூணாவதுல ஸ்டீயரிங் ஆடிச்சு."

அவருக்கு அழுகை வந்தது. மறைக்கத் தெரியவில்லை, மறைக்கவுமில்லை. ஜாக்கியை வைத்தார். கண்டெடுத்த நட்டைப் போட்டார். குறைந்த ஒன்றுக்குப் பின்சக்கரத்திலிருந்து ஒன்றைக் கடன் வாங்கினார். ஜாக்கியை இறக்கி ஐந்தையும் முடுக்கினார், மறுபடி முடுக்கினார். நிமிர்ந்தபோது அவள் மார்க்கரை நீட்டினாள். ஒவ்வொரு கோட்டையும் போடும்வரை பக்கத்திலேயே நின்றாள்.

"ஓட்டிப் பாக்கவா?"

"ம்."

வண்டி மெல்ல நகர்ந்து, வலது பக்கம் திரும்பி, நேராகி, சற்றுத் தள்ளி நின்றது. சத்தம் இல்லை. அது அவர் காதுக்குத் தெரியும். 'ஒண்ணுமில்ல, சரியாயிடுச்சு' என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

அவள் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். "என்ன கேட்டுச்சுன்னு சொல்லட்டுமா?"

"சொல்லு," என்றார். அவள் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கவில்லை.